சாமக்கொடையும் ஐந்து நட்சத்திரமும்

கொட்டாரம் முக்கில் நின்றுகொண்டு கைப்பேசியில் ‘பக்கத்தில் பார்க்க வேண்டியவை’ என்று தேடிப் பாருங்கள். தெற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம். கிழக்கே கடலோரம் வட்டக்கோட்டை. வடக்கே மருந்துவாழ்மலை, சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். படகுக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றோம், கழிப்பறை எப்படி, சோளம் விற்றவன் எவ்வளவு கேட்டான் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். அதே இரவில் நாலு தெரு தள்ளி ஓர் அம்மன் கோயிலில் கொடை என்கிற கோயில் விழா நடக்கும். வில்லடிக்கிற சத்தம் ஒலிபெருக்கியில் ரயில் பாதைவரை கேட்கும். அதைப் பற்றி அந்த வரைபடத்தில் ஒரு வரியும் இராது.

உணவு விடுதிக்கும் லாட்ஜுக்கும் ஆள் பிடித்துத் தருகிற இணைய விமர்சனம், உள்ளூர் ஆட்டத்துக்கும் ஆள் பிடித்துத் தருமா? கலை வளர்ச்சி பற்றிப் பேசுகிற கூட்டங்களில் இந்தக் கேள்விக்கு ‘தரும்’ என்று சட்டென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். பத்துப் பேரை எழுதச் சொல்லுங்கள், ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லுங்கள், கூட்டம் வந்துவிடும் என்கிறார்கள். நாஞ்சில் நாட்டுக் கொடைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. முதலில், இந்த ஆட்டங்களின் பார்வையாளர் யார் என்பதே குழப்பமான விஷயம்.

கொடையை மூன்றாகச் சொல்வார்கள்: குடியழைப்பு, மதியக்கொடை, நள்ளிரவுச் சாமக்கொடை. முத்தாரம்மனுக்கு வில்லுப்பாட்டு, சுடலைமாடனுக்கு வில்லோ கணியான் கூத்தோ, இடையிடையே நையாண்டி மேளமும் கரகமும். கணியான் கூத்து திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் வேர் பிடித்த ஆட்டம். கணியான் என்கிற சிறிய பழங்குடிச் சமூகத்தாருக்கே உரியது. கதையை நடத்துகிற அண்ணாவி, பின்பாட்டுக்காரர், உச்சமும் மந்தமுமாக இரண்டு மகுடப் பறை அடிப்பவர்கள், பெண் வேடம் கட்டி ஆடும் இரண்டு ஆண்கள். சாமி பீடத்தைப் பார்த்தபடிதான் நிற்பார்கள். ஊர்க்காரர்கள் பக்கவாட்டிலும் பின்னாலும் உட்கார்ந்து கேட்பார்கள். கதை சாமியின் பிறப்பு, வளர்ப்பு, வரம் என்று போகும். சாமக்கொடையில் மகுடத்தின் வேகம் ஏற ஏற, கோமரத்தாடி என்கிற சாமியாடி மேல் சாமி வரும். சாமி வந்துவிட்டால் அன்றைய ஆட்டம் வென்றது. அந்த நேரத்தில் எதிரே பத்துப் பேர் இருந்தார்களா ஐந்நூறு பேர் இருந்தார்களா என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

1970களில் இந்தப் பகுதியில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்த அமெரிக்கரான ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளியிட்ட தம் நூலில் இதைத்தான் நிதானமாக எடுத்துக் காட்டினார். கொடையின் நடுப்பகுதியை நோக்கிச் செல்லச் செல்லக் கதை, சடங்கு, சாமியாட்டம் மூன்றும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன; கதைப்பாட்டின் அர்த்தம் அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக ஊர் ஊராக அலைந்து இந்தக் கலைகளைப் பதிவு செய்த நாகர்கோவில் பேராசிரியர் அ.கா. பெருமாளின் நூல்களைப் படிப்பவர்களுக்கும் இதே எண்ணம் வரும். ஆக, இங்கே முதல் பார்வையாளர் சாமி. அவர் நட்சத்திரம் போடுவதில்லை.

சாமிக்கு அடுத்த பார்வையாளர் யார்? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்தால் தவறு. அச்சாரம் கொடுக்கிறவர்தான் அவர். கொடைக்கு ஊர் வரி பிரித்து, எந்தக் குழுவை அழைப்பது என்று முடிவு செய்கிற கமிட்டிக்காரர்கள். பக்கத்து ஊர்க் கொடையில் ஒரு அண்ணாவி நன்றாகப் பாடினார் என்று காதில் விழுந்தால், இரண்டு பேர் பைக்கில் போய் ஒரு ஓரமாக நின்று கேட்பார்கள். குரல் சாமம் வரை தாங்குகிறதா, நம் சாமி கதை அவருக்கு முழுசாகத் தெரியுமா, குடித்துவிட்டு வருகிற ஆளா, சொன்ன நேரத்துக்கு வருவாரா. இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆண்டுக்குத் தேதி பேசுவார்கள். இதைவிடக் கறாரான விமர்சன முறை எந்தச் செயலியிலும் கிடையாது. மேடையிலேயே கிடைக்கிற விமர்சனமும் உண்டு. பாட்டு பிடித்துப்போனால் ஒருவர் எழுந்து வந்து ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார், அல்லது துண்டு போர்த்துவார். அண்ணாவி கதையை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் தந்த அன்பளிப்பு என்று பெயர் சொல்லி வாழ்த்திவிட்டு விட்ட இடத்தில் தொடங்குவார். யார், எந்த நேரத்தில், எந்தக் கட்டத்துக்காகக் கொடுத்தார் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். பொய் விமர்சனத்துக்கு அங்கே வழியில்லை.

இதோடு இணைய விமர்சனத்தை வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். வரைபடத்தில் எழுதுகிற விமர்சனம் ஒரு முகவரியில் ஒட்டுவது. நாளைக்குப் போனாலும் அதே கடை, அதே தோசை என்ற நம்பிக்கையில்தான் நேற்றுச் சாப்பிட்டவன் எழுதியதை இன்று படிக்கிறோம். கணியான் குழுவுக்கு அப்படி ஒரு முகவரி கிடையாது. இன்று அகஸ்தீஸ்வரம் பக்கம், அடுத்த வெள்ளி வள்ளியூர்ப் பக்கம். நேற்று இரவு நடந்த ஆட்டத்துக்கு இன்று ஐந்து நட்சத்திரம் போட்டால், அதைப் படித்துவிட்டு எங்கே போவது? அந்தக் கோயிலில் அடுத்த ஆட்டம் அடுத்த ஆண்டு.

முகவரி இருக்கிற இடத்தில் கதை வேறு. கேரளத்தில் கண்ணூர் அருகே பறசினிக்கடவு முத்தப்பன் கோயிலில் தெய்யம் என்கிற சாமியாட்டம் நாள்தோறும் நடக்கிறது. மற்ற ஊர்களில் தெய்யம் துலா மாதம் தொடங்கி இடவம் வரை, காவு காவாக, தேதி தேதியாக நடக்கும். வெளியூர்க்காரர்களின் குறிப்புகள் குவிவது பறசினிக்கடவில்தான். கொச்சிக் கோட்டைப் பகுதிக் கதகளி அரங்குகளும் அப்படியே. தினமும் மாலையில் முகத்தில் சுட்டி குத்துவதைப் பார்க்க முதலில் உட்கார வைத்து, பிறகு ஒரு மணி நேரம்போல ஒரு துண்டு ஆட்டத்தைக் காட்டி அனுப்புகிறார்கள். அதற்கு டிரிப் அட்வைசரில் வண்டி வண்டியாக விமர்சனம். விடிய விடிய ஆடுகிற கதகளிக்கு, அது நம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் சன்னதியில் ஆடினாலும், அவ்வளவு இராது. விமர்சனத்துக்குத் தகுந்தபடி ஆட்டம் தன்னை வெட்டிக்கொண்டது என்று நான் குறை சொல்ல மாட்டேன். கலைஞர்களுக்குத் தினக்கூலி வந்தது உண்மை. ஆனால் விமர்சனம் எதை வளர்த்தது என்பதைத் தெளிவாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத்து ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்த்ததற்குத் தமிழகத்தில் கைக்கெட்டும் சான்று ஒன்று உண்டு. இணையத்துக்கு அறுபது ஆண்டு முந்தையது. 1931 மார்ச் 15 அன்று சென்னை மியூசிக் அகாடமி, கல்யாணியின் புதல்விகளான ராஜலட்சுமி, ஜீவரத்தினம் என்ற இரு கலைஞர்களை, பின்னாளில் பரதநாட்டியம் எனப்பட்ட சதிர் ஆட அழைத்தது. நல்ல கலைஞர்கள், கூட்டம் இல்லை. 1932 கடைசியில் ஆங்கில நாளிதழ்களில் கடிதச் சண்டை மூண்டது. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பொது விழாக்களில் இந்த ஆட்டத்துக்கு இடம் தரக் கூடாது என்று எழுதினார். வழக்கறிஞரும், தாமே பெண் வேடத்தில் சதிர் ஆடியவருமான இ. கிருஷ்ண ஐயர், கலையைக் கைவிடக் கூடாது என்று பதில் எழுதினார். இருபுறமும் ஆள் சேர்ந்துகொண்டார்கள். 1933 ஜனவரி 1 அன்று அதே சகோதரிகள் அதே அகாடமிக்காக ஆடியபோது கூட்டம் நிரம்பி வழிந்தது. அவர்களை அழைத்து வந்தது பாராட்டு விமர்சனமா? ‘இதைப் பார்க்கலாமா’ என்ற சண்டை அல்லவா அழைத்து வந்தது! ஆட்டத்தின் பெயர் ஊர் வாயில் விழுந்தது. போய்ப் பார்த்துவிடுவோம் என்று வந்தார்கள். அதே 1933இல் பாலசரஸ்வதியும் அந்த மேடையில் ஆடினார்.

பிறகு வந்த தொடர் விமர்சகர்கள் வேறொரு வேலையைச் செய்தார்கள். ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதிய கல்கி, கச்சேரிக்கே போயிராத வாசகனுக்கும் கச்சேரியைக் கேட்கக் கற்றுக் கொடுத்தார். டெல்லியிலிருந்து டிசம்பர் சீசனுக்கு வந்து எழுதிய சுப்புடுவின் விமர்சனத்தில் பலர் அடிபட்டார்கள். அடிபட்டவரின் கச்சேரியையும் வாசகர்கள் தேடிப் போய்க் கேட்டார்கள். அவர்கள் எழுதியது வெறும் மதிப்பெண்ணாக இருந்திருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது.

நம் பக்கத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். சுசீந்திரம் கோயிலில் நூற்றாண்டுகளாக ஆடிய தேவதாசிகளின் பணி 1930களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அரசின் ஆணையால் நின்றது. அந்த முறை ஒழிந்தது நியாயம். அதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஆனால் சென்னையில் அதே ஆண்டுகளில் ஆட்டத்தைப் பற்றி ஒரு கடிதப் போராவது நடந்தது. இங்கே அவர்கள் என்ன ஆடினார்கள், எப்படி ஆடினார்கள் என்று பார்த்தவர் கண்ணோடு எழுதிவைத்த குறிப்பு நமக்குக் கிடைப்பது அரிது. கே.கே. பிள்ளை 1953இல் வெளியிட்ட சுசீந்திரம் கோயில் வரலாற்றில் அவர்களின் கடமைகளும் ஊதியமும் முறைகளும் உண்டு. கல்வெட்டையும் கோயில் கணக்கையும் வைத்து அவ்வளவுதான் எழுத முடியும். பார்வையாளன் எழுதாமல் விட்டதை ஆராய்ச்சியாளன் பின்னால் வந்து நிரப்ப முடியாது.

சென்னையில் 1933இல் கூடிய கூட்டத்துக்கு விளக்கம் பொருளாதார ஆய்வுகளில் பிற்பாடு கிடைத்தது. ஜோனா பெர்ஜரும் இரு கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் டைம்ஸ் மதிப்புரைகளுக்குப் பின் புத்தக விற்பனை என்ன ஆனது என்று பார்த்தார்கள். பெயர் பெற்ற எழுத்தாளரின் நூலைத் திட்டி எழுதினால் விற்பனை சுமார் 15 சதவீதம் விழுந்தது. பெயர் தெரியாதவரின் நூலைத் திட்டினாலோ, சுமார் 45 சதவீதம் ஏறியது. திட்டு மறந்துபோகும், பெயர் தங்கிவிடும். அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்த மைக்கேல் லூகா, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் தனி உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது, சங்கிலிக் கடைகளுக்கு அந்தப் பலன் இல்லை என்று 2011இல் காட்டினார். சங்கிலிக் கடையை எல்லோருக்கும் முன்பே தெரியும். விமர்சனம் புதிதாக எதையும் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பெயர் தெரியாத உள்ளூர்க் குழுக்களுக்குத்தான் எழுத்தால் ஆதாயம் அதிகம் என்று படுகிறது. திட்டுக்குப் பயந்து அவர்கள் ஒளிய வேண்டியதில்லை.

ஆனால் எண்ணிக்கையை நம்பாதீர்கள். 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், ஒரு செய்தித் தளத்தின் கருத்துகளுக்கு ஆய்வாளர்களே கண்ணை மூடிக்கொண்டு முதல் ஆளாக ஒரு ‘ஆதரவு’ ஓட்டுப் போட்டார்கள். அந்த ஒற்றை ஓட்டால் அக்கருத்தின் கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. முன்னே போன ஆடு குதித்தால் பின்னே வருகிற ஆடும் குதிக்கும் என்பதை இவ்வளவு செலவு செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் பத்துப் பேரை வைத்து நட்சத்திரம் போட வைக்கிற யோசனை இங்கிருந்துதான் வருகிறது. அது சரிப்படாது. கூகுள் தன் விதிகளில் காசோ தள்ளுபடியோ கொடுத்து விமர்சனம் வாங்குவதைத் தடை செய்கிறது. பிடித்தவர்களிடம் மட்டும் பொறுக்கிக் கேட்டு வாங்குவதையும் தடை செய்கிறது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற பெயரில் இணைய விமர்சனங்களுக்கென்றே தர விதி வெளியிட்டிருக்கிறது. விதி இருக்கட்டும். ஊரில் நோட்டைக் குத்துகிறவன் அத்தனை பேர் முன்னால் எழுந்து நிற்கிறான். மறைந்திருந்து நட்சத்திரம் போடுகிறவனை அந்த ஊர் எப்படி மதிக்கும்?

இதற்கிடையில் விமர்சனம் தானாகவே நடந்துகொண்டும் இருக்கிறது, யூடியூபில். கொடை வில்லுப்பாட்டையும் கணியான் ஆட்டத்தையும் யாராவது முழு இரவும் பிடித்துப் போடுகிறார்கள். கீழே வருகிற கருத்துகளைப் பொறுமையாகப் படித்தால் மூன்று வகை தென்படும். ஒன்று, மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற ஊர்க்காரர்களின் ஏக்கம்: எங்க ஊரு கொடை, இந்த வருசம் வர முடியல. இரண்டாவது, இது எந்த ஊர், அண்ணாவி நம்பர் கிடைக்குமா என்கிற விசாரிப்பு. இதை எழுதுகிறவர்தான் பைக்கில் போய் ஓரமாக நின்று கேட்ட கமிட்டிக்காரரின் இன்றைய வடிவம். மூன்றாவது வகையைச் சொல்லவே கூசுகிறது. பெண் வேடம் கட்டி ஆடுகிற கணியான் கலைஞரைப் பற்றிய கொச்சைப் பேச்சு, சாதி சொல்லி இழிக்கிற பேச்சு. பந்தலில் இப்படி ஒருவன் பேசினால் நாலு பேர் சட்டையைப் பிடிப்பார்கள். இணையத்தில் கேட்பாரில்லை, கலைஞரின் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். கூட்டம் சேர்க்கப் போய் இந்தக் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தால் அது கலைக்குச் செய்த உதவி ஆகாது. யார் வேண்டுமானாலும் நுழைகிற கருத்துப் பெட்டியை மூடிவைப்பதற்குக் கலைஞருக்கு முழு உரிமை உண்டு.

பார்வையாளர் பெருகியதால் வந்த தொல்லைக்கும் தெய்யம் ஆடுகிற வடமலபாரைத்தான் பார்க்க வேண்டும். தெய்ய நாட்காட்டியை இணையத்தில் போடத் தொடங்கிய பிறகு தொலைதூரத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நட்சத்திரம் செய்யாததை ஒரு தேதிப் பட்டியல் செய்தது: எந்தக் காவு, எந்தத் தெய்யம், எந்த நாள். கூடவே தீக்குண்டத்துக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழைகிறவர்களும் வந்தார்கள். நம் சாமக்கொடையில் சாமியாடுகிறவர் முகத்துக்கு நேரே செல்போன் விளக்கு அடிப்பதை இப்போதே பார்க்கிறோம்.

அப்படியானால் என்ன எழுதலாம்? எனக்குத் தோன்றுகிற மாதிரிக் குறிப்பு ஒன்றைச் சொல்கிறேன்: ‘கொட்டாரத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். சுடலைமாடன் கோயில், சித்திரை மாத வெள்ளிக் கொடை. கணியான் கூத்து இரவு பத்துக்கு மேல் தொடங்கியது. மயான வேட்டைக்குப் போகிற கட்டம் ஒரு மணிக்குத்தான் வரும். அதற்கு முன் எழுந்து போனால் பாதிதான் பார்த்தது. அண்ணாவி குரல் கடைசிவரை இறங்கவில்லை. ஒலிபெருக்கி அலறியதில் மந்த மகுடம் கேட்கவே இல்லை. முன்னால் தரையில் உட்கார்ந்தால் கேட்கும். சாமி வரும்போது படம் எடுக்கக் கூடாது என்றார்கள். அடுத்த கொடை அடுத்த சித்திரை.’ இதில் நட்சத்திரம் இல்லை. கமிட்டிக்காரர் படித்தால் அண்ணாவியைத் தேடுவார். ஒலிபெருக்கிக்காரர் படித்தால் கோபப்படுவார், அடுத்த ஆண்டு சத்தத்தைக் குறைப்பார். கன்னியாகுமரியில் சூரியன் மறைந்த பிறகு லாட்ஜ் அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிற வெளியூர்க்காரர் படித்தால், ஒரு மணிக்கு முன்பே அலாரம் வைத்துக்கொண்டு வருவார். மூன்று பேருக்கும் ஒரே குறிப்பு போதும்.

எழுதுவதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. நாகர்கோவில் கல்லூரிகளில் தமிழ் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொடை நடக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் பாடமாகவே இருக்கிறது. தேர்வுக்காகக் கலைச்சொல் போட்டு எழுதுகிற கட்டுரையைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு, பார்த்த அன்றே, அண்ணாவியிடம் பெயர் போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எழுதினால் போதும். களியலாட்டத்துக்கும் தோல்பாவைக்கூத்துக்கும் இதே முறை பொருந்தும். பாவைக்கூத்துக்காரர்களுக்கு இது இன்னும் அவசரம். ஒரே ஊரில் பத்து நாள் கொட்டகை போட்டு ராமாயணம் காட்டிய காலம் போய், பள்ளிக்கூடத்திலும் விழாவிலும் கிடைக்கிற அரை மணி நேரத்தை நம்பி இருக்கிறார்கள்.

மாலையில் கன்னியாகுமரியில் தினமும் அரை மணி நேரக் கணியான் கூத்து நடத்தினால் என்ன, கொச்சி மாதிரி விமர்சனம் குவியுமே என்று கேட்கிறவர்கள் உண்டு. குவியும். கலைஞர்கள் விரும்பினால் நடத்தட்டும். அவர்கள் வயிற்றுப்பாட்டை நான் முடிவு செய்ய முடியாது. அதற்குக் கூடுகிற கூட்டத்தைக் கொடையின் பார்வையாளர் என்று கணக்கெழுதுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் கொட்டாரத்தைச் சுற்றிச் செவ்வாயும் வெள்ளியும் ஏதாவது ஒரு கோயிலில் பந்தல் போட்டிருப்பார்கள். போகிறவர்கள் மூன்று விவரமாவது எழுதிப் போடுங்கள்: எந்தக் கோயில், எந்தக் கதை, சாமக்கொடை எத்தனை மணிக்கு.